கஸ்பாரின் பம்பாய் ரத்தம்

கரும்பலகையில் எழுதியதை அழித்துவிடலாம் என்று எபினேசர் டஸ்டரைத் தேடிக்கொண்டிருந்தபோது, வகுப்பு முழுவதும் அதைத் தன் நோட்டில் எழுதி முடித்து, அடிக்கோடும் இட்டுவிட்டது.

பலகையில் இருந்தவை மூன்றே வரிகள்.

தந்தை: ஓ. தாய்: பி. மகள்: ஏ.பி.

இராயபுரத்தில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்குண்டு நிற்கும் மேனிலைப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவர் எபினேசர். கோடை விடுமுறையில் அவரை ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். பாடத்தை வாழ்க்கையோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்று அங்கே ஓர் அம்மையார் குளிரூட்டிய அறையில் நின்று வற்புறுத்தினார். அதுவரை எபினேசரின் பாடம் எவருடைய வாழ்க்கையோடும் இணைந்ததில்லை. அதனால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததுமில்லை.

மரபியல் பாடம் வந்தவுடன் அவர் அந்த அம்மையாரை நினைத்துக்கொண்டார். "வீட்டில் அப்பா, அம்மா, நீங்கள் என மூவருடைய ரத்த வகையையும் கேட்டு வாருங்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அது எப்படி வருகிறது என்று நம் குடும்பங்களைக் கொண்டே பார்ப்போம்" என்றார். மறுநாள் முதலில் எழுந்து விவரம் சொன்னவள் ரேச்சல். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கஸ்பாரின் ஒரே மகள். எபினேசர் உற்சாகத்தோடு மூன்று வரிகளையும் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, விளக்கம் சொல்லத் திரும்பினார். திரும்பியவர் மீண்டும் பலகையைப் பார்த்தார்.

பிள்ளையின் ரத்தத்தில் ஏ, பி ஆகிய இரண்டும் இருந்தால், ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். பி தாயிடமிருந்து வந்தது. சரி. ஓ வகைத் தந்தையிடம் ஏ கிடையாது. அப்படியாயின் ஏ எங்கிருந்து வந்தது?

உயிரியல் ஆசிரியராக அவர் ஒரே நொடியில் கண்டுபிடித்த உண்மையை, மனிதராக அவர் கண்டுபிடிக்காமலேயே இருந்திருக்கலாம். கஸ்பார் அந்தப் பெண்ணின் தகப்பன் அல்லன்! ஒரு நல்ல குடும்பத்தை, சாக்குக்கட்டியால், நாற்பது பிள்ளைகள் முன்னிலையில் அவர் உடைத்துவிட்டார்.

"சார், அது வந்து, எங்க வூட்ல இன்னான்னா..." என்று ரேச்சல் தொடங்கினாள்.

"நீ ஒன்றும் சொல்லாதே, அம்மா! உட்கார்!"

"இல்ல சார், அதுக்கு ரீசன்..."

"உட்கார் என்றேனே!"

ரேச்சல் உட்கார்ந்தாள். ஆனால் அவளுக்குப் பக்கத்தில் இருந்த உமைமா எழுந்தாள். ஆசிரியர்கள் எந்தப் பிள்ளை இன்று விடுப்பு எடுக்கக் கூடாதா என்று ஏங்குவார்களோ, அந்த வகைப் பிள்ளை அவள்.

"சார், ஓ-வுக்கு ஏ.பி. பொறக்காதுன்னு புக்ல போட்டுகீதே சார்?"

"எந்தப் பக்கத்தில்?"

"நேத்து நீங்க நடத்துன பக்கத்துல சார்."

"அது அச்சுப்பிழையாக இருக்கும்."

"டேபிள் முழுக்கவா சார்?"

"பிழை என்று வந்துவிட்டால் முழுவதும்தான் வரும்" என்றார் எபினேசர். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாடநூலில் உள்ளதை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து வந்தவர், அன்றுதான் முதன்முறையாகச் சொந்தமாக ஒரு கருத்தை வெளியிட்டார். அது தவறான கருத்தாகப் போயிற்று.

மணி அடித்தது. ஆசிரியர் அறைக்கு வந்து நாற்காலியில் விழுந்தவரின் கண்ணில், காலையில் ரேச்சல் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போன கேக் பட்டது. ஜனவரியில் அவள் பிறந்தநாளுக்கு ஒரு கேக் தருவாள். ஜூன் கடைசியில் மீண்டும் ஒன்று தருவாள். இரண்டாவது கேக் எதற்கு என்று எபினேசர் கேட்டதில்லை. அவர் நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்த சி.எஸ்.ஐ. சபைக்காரர். ரேச்சல் வீட்டார் இராயபுரத்து ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர். மாத இறுதியில் புனித இராயப்பரின் திருநாள் வருகிறது. அதற்காகச் சில நாள் முன்கூட்டியே கேக் வெட்டுவது ஆர்.சி.க்காரர்களின் வழக்கம் போலும் என்று முடிவு செய்திருந்தார். அந்த வட்டாரத்தில் தமக்கு விளங்காத எதையும் ஆர்.சி. வழக்கம் என்று எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்காமல் வாயில் போட்டுக்கொள்வதையே அவர் சமய நல்லிணக்கமாகக் கொண்டிருந்தார்.

அன்று அந்தக் கேக்கை அவர் அப்படியே மூடி வைத்தார். இவ்வளவு அன்பான குடும்பமா உடைய வேண்டும்?

பிற்பகலில் செய்முறை வகுப்பு. எபினேசர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ரேச்சலின் ரத்த வகையைச் சொன்னது மருத்துவ முகாம். முகாம்களில் தவறு நேர்வது இயல்பு. மீண்டும் சோதித்தால் வெறும் பி என்று வந்துவிடும். தாயின் வகையே மகளுக்கும், சிக்கல் தீர்ந்தது.

"பிராங்கிளின், சீரம் பாட்டில்களை எடுத்து வா!"

ஆய்வக உதவியாளர் பிராங்கிளின், ஆசிரியர் அறைக் குளிர்பெட்டியில் பால் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் வைத்திருந்த பாட்டில்களை எடுத்து வந்தான். ரேச்சல் தயக்கமின்றி விரலை நீட்டினாள். கண்ணாடித் தகட்டில் இரண்டு சொட்டு ரத்தம்; ஒன்றின் மேல் ஏ-யைக் காட்டும் நீல நிற மருந்து, மற்றொன்றின் மேல் பி-யைக் காட்டும் மஞ்சள் நிற மருந்து.

இரண்டும் சட்டென்று திரிந்தன. பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால்கூட அவ்வளவு தெளிவாகத் திரிந்திருக்காது.

"ஏ.பி. சார்!" என்றாள் உமைமா. "அடிச்சு சொல்லலாம் சார்!"

"மருந்து காலாவதி ஆகியிருக்கும்."

பிராங்கிளினுக்கு முகம் வாடிவிட்டது. "இன்னா சார் இப்டி சொல்லிட்டீங்க? போன வாரந்தான் சார் வந்துச்சு. டேட்ட பாருங்க."

"தேதியையும் தவறாக அச்சிட்டிருப்பார்கள். இதோ, என் ரத்தத்தையே போடுகிறேன். நான் பி. மருந்து கெட்டுப்போயிருந்தால் இது தவறாகக் காட்டும்" என்று எபினேசர் தம் விரலைக் குத்திக்கொண்டார். ஏதாவது தவறாகக் காட்டித் தொலைய வேண்டுமே என்று கர்த்தரிடமும் விண்ணப்பித்தார்.

மருந்து மிகவும் நேர்மையான மருந்து. பி என்று காட்டிற்று.

"அப்போ மருந்து நல்லாத்தான் கீது சார்" என்றாள் உமைமா.

ரேச்சல் எழுந்து, "சார், ஒரு நிமிசம் தனியா..." என்றாள்.

தனியாக வந்தால் அவள் அழுவாள். அழுதால் தாமும் அழ நேரும். "வேண்டாம், அம்மா, வேண்டாம்!" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தடுத்த எபினேசர், அந்த நெருக்கடியில்தான் தம் வாழ்விலேயே மிகச் சிறந்த யோசனையைக் கண்டார். பிற்பாடு அவர் அதைப் பற்றி எண்ணும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வதுண்டு.

"பிள்ளைகளே, கவனியுங்கள்! பம்பாய் ரத்த வகை என்று ஒன்று உண்டு. மிக மிக அபூர்வம். சோதித்தால் வெளியே ஓ என்றே காட்டும். ஆனால் உள்ளே ஏ ஒளிந்திருக்கும். ரேச்சலின் அப்பாவுக்கு இருப்பது அதுதான்!"

வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டது. அறிவியல்படி அது நடக்கக்கூடியதே. கஸ்பாருக்கு அது இருப்பதற்குரிய வாய்ப்பு, எபினேசருக்கு நல்லாசிரியர் விருது கிடைப்பதற்குரிய வாய்ப்பைப் போன்றது.

"அவரு பம்பாய்க்காரரா சார்?" என்று கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆள் காசிமேடு. ரத்தம் மட்டும் பம்பாய்."

"சார், அவருக்கு எங்கியாவது அடிகிடி பட்டா, இன்னா ரத்தம் சார் ஏத்துவாங்கோ?" என்று பிராங்கிளின் கவலையோடு கேட்டான்.

கேள்வி வந்துவிட்டால், பதில் சொல்வது தேவைதானா என்று ஆசிரியர்கள் யோசிப்பதில்லை. "வேறு எந்த ரத்தமும் ஒவ்வாது. அதே பம்பாய் ரத்தம்தான் ஏற்ற வேண்டும். கிடைப்பது குதிரைக்கொம்பு!" என்று எபினேசர் கம்பீரமாக விளக்கினார்.

ரேச்சல் மட்டும் அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. பாவம், ஒன்றும் அறியாத பெண் என்று எபினேசர் உள்ளம் உருகினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தங்கபுஷ்பம் கதவைத் திறந்த கையோடு கேட்டாள்: "என்னத்துக்கு மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுட்டு வாரீய?"

யாரிடமும் சொல்லக் கூடாது என்று வேதத்தின் மேல் கைவைக்கச் செய்துவிட்டு, அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "யாரு, நம்ம எல்சியா? மீன் மார்க்கெட்ல பாத்தா அக்கா, அக்கான்னு உயிர விடுவாளே! அவ அப்படிப்பட்ட பொம்பளையே இல்ல, பாத்துக்கிடுங்க."

"நான் சொல்லவில்லை, புஷ்பம். ரத்தம் சொல்கிறது."

"உங்களுக்கு ஊர்ல வேற வேலை இல்லியா? ஒழுங்கா அந்தத் தவளையவே அறுத்துக்கிட்டு இருக்கப் பிடாதா?"

"தவளையை அறுப்பதைத் தடை செய்துவிட்டார்கள்."

"அதான் குடும்பத்த அறுக்கீயளாக்கும்!"



மறுநாள் வகுப்பில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. உமைமா கேள்வியே கேட்கவில்லை. மூன்று முறை வாயைத் திறந்தாள். மூன்று முறையும் ரேச்சல் அவள் முழங்கையை இடித்தாள். வகுப்பு முடிந்ததும் ரேச்சல் மேசையருகே வந்து, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொருளை வைத்தாள்.

"இது என்ன, அம்மா?"

"கைடு சார். மரபியல் பாடம் இதுல ரொம்ப ஈஸியா போட்டுகீது. நீங்களே வச்சிக்கோங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், நீங்க ஃபீல் பண்ணாதீங்க. எல்லாருக்கும் எல்லாமே தெரிஞ்சிகினு இருக்குமா சார்?" என்றாள்.

தன் தலைக்குமேல் தொங்கும் கத்தியை அறியாமல், தமக்கு ஆறுதல் சொல்லும் அந்தப் பிள்ளையைக் கண்டு எபினேசரின் கண்கள் கலங்கின. அவர் தலையை ஆட்டினார். ரேச்சலின் கண்களும் கலங்கின.

அத்தோடு அந்த விவகாரம் ஓய்ந்திருக்கும். ஆனால் பிராங்கிளின், தேவாலயப் பங்கின் இளைஞர் மன்றத்தில் துணைச் செயலாளராகவும் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, தெருமுனையில் ஒரு ஃப்ளெக்ஸ் எழுந்தது. அதில் கறுப்புக் கண்ணாடி அணிந்த கஸ்பார், பின்னணியில் கிரேனும் ஏழு கடலும் விளங்கப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். 'லட்சத்தில் ஒருவர்! பம்பாய் ரத்தம் கொண்ட இராயபுரத்துச் சிங்கம்! அண்ணன் கஸ்பார் அவர்களை வாழ்த்துகிறோம்!' என்று மேலே எழுதியிருந்தது. கீழே, வலது மூலையில், பள்ளி ஆண்டு விழாவில் தும்முவதற்கு ஒரு நொடி முன்னால் எடுக்கப்பட்ட எபினேசரின் படம். 'கண்டுபிடித்த மேதை' என்று அதனடியில் போட்டிருந்தார்கள்.

அன்று காலை தேவாலயப் பூசையில் பங்குச் சாமியாரும் அபூர்வ ரத்தம் உடைய சகோதரருக்காகச் செபித்தார் என்று கேள்வி.

எபினேசர் அந்தத் தெருவைத் தவிர்த்து, ரயில் பாதையைக் கடந்து, சுற்றுவழியில் பள்ளிக்குச் செல்லத் தொடங்கினார். இரண்டாம் நாளே, அந்தச் சுற்றுவழியில் கஸ்பார் எதிரே வந்தார். ஆறடி உயரம், கதவைப் போன்ற மார்பு.

ஓட நினைத்த எபினேசரின் கையைக் கஸ்பார் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். "வணக்கம் சார். ஒடம்ப பாத்துக்கோங்க சார். மனச வுட்றாதீங்க. நாங்கள்லாம் கீறோம்."

என்ன பெருந்தன்மை! இந்த மனிதருக்கா துரோகம் இழைக்கப்பட்டது? அன்று எபினேசர் முதல் பாடவேளை முழுவதும் பிள்ளைகளையே பாடத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலருகே நின்றார். வகுப்பு அவரை மிகுந்த பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டில் தங்கபுஷ்பமும் சும்மா இருக்கவில்லை. சத்தியம் செய்தது பேசமாட்டேன் என்றுதானே. கொடுக்கமாட்டேன் என்று செய்யவில்லையே! ஊரிலிருந்து வந்த கருப்பட்டியில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போய், மார்க்கெட்டில் எல்சியின் கையில் திணித்துவிட்டு, அவளுடைய கன்னத்தைத் தடவிக் கண்ணீர் விட்டிருக்கிறாள்.

"எல்சி என்ன சொன்னாள்?" என்று எபினேசர் கேட்டார்.

"அதத்தான் கேக்காதீயன்னு சொல்லுதேன். நான் அவளத் தேத்தப் போனா, அவ என் கண்ணத் தொடச்சு விட்டு, 'அழுவாதக்கா, எல்லாம் சரியாப் பூடும், பாப்பா பாத்துக்கும்'னு என்னையத் தேத்துதா! மலை போல மனசு, பாத்துக்கிடுங்க."

"பாப்பா பாத்துக்கும் என்றால்?"

"அதான் எனக்கும் வெளங்கல."

எபினேசருக்கும் விளங்கவில்லை. ஆர்.சி. வழக்கம் போலும் என்று விட்டுவிட்டார்.

வாரக் கடைசியில் பிராங்கிளின் ஓடிவந்தான். "சார், பேஜாராப் போச்சு சார்! கஸ்பார் அண்ணன கிரேன்ல ஏத்த மாட்டேங்கறாங்கோ!"

"யார்?"

"காண்ட்ராக்டர் சார். ஃபோர்மேன் ஃப்ளெக்ஸ பாத்துட்டாராம். 'மேலேர்ந்து வுழுந்து கிழுந்து வச்சா, பம்பாய் ரத்தத்துக்கு நான் எங்க போறது? டெஸ்ட் ரிப்போர்ட்ட கொண்டா, அப்பால மேல ஏறு'ன்னுட்டாராம். அண்ணன் மூணு நாளா கீழ கேட்டாண்ட குந்திகினு கீறாரு சார்."

இனி ஒளிவதற்கு இடமில்லை. கஸ்பார் சோதனை செய்துகொண்டால், வெறும் ஓ என்று அறிக்கை வரும். வந்தால், மகளுக்கு ஏ எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்பார். சோதனை செய்யாவிட்டால், இருபது ஆண்டு ஏறிய கிரேனில் அவர் இனி ஏற முடியாது. குடும்பத்தைக் காப்பதற்காகச் சொன்ன பொய், அந்தக் குடும்பத்தின் தொழிலையே கீழே இறக்கி உட்கார வைத்துவிட்டது!

அன்று மாலையே அவர் கஸ்பாரின் வீட்டுக்குப் புறப்பட்டார். என்ன சொல்ல வேண்டும் என்பதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டார். ஃப்ளெக்ஸைக் கடக்கும்போது, மூலையில் தும்மக் காத்திருந்த தம் படத்தை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வாசலில் வறுத்த மீன் மணம். "யாரு? அட, சாரு! இன்னா சார் வெளியவே நின்னுகினு? உள்ள வாங்க!" என்று கஸ்பார் பதறி எழுந்து, இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். எல்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ரேச்சலிடம் ஏதோ சைகை செய்தாள். ரேச்சல் உடனே தேநீர் கொண்டு வந்தாள். மூவரும் அவரைச் சுற்றி, நோயாளியைப் பார்க்க வந்தவர்களைப் போல நின்றார்கள்.

எபினேசர் உட்காரவில்லை. "கஸ்பார், நான் சொல்லப்போவதை நீங்கள் பொறுமையோடு கேட்க வேண்டும். முதலில் ஒன்று. ரத்தம் மட்டுமே உறவாகிவிடாது. வளர்ப்பவனே தகப்பன். ரேச்சலின் நடத்தையையும் படிப்பையும் பார்க்கும் எவரும், அவள் உங்கள் மகள்தான் என்று சொல்வர். எது தெரிய வந்தாலும், இந்தப் பெண்ணை நீங்கள் வெறுக்கக் கூடாது. உங்கள் மனைவியையும் மன்னிக்க வேண்டும்..."

"ஐயே, நான் இன்னா சார் செஞ்சேன்?" என்றாள் எல்சி, கையில் கரண்டியோடு.

"இருங்கள், அம்மா. அவர் கோபப்பட்டால் என் மேல் படட்டும்." எபினேசர் கண்களை மூடிக்கொண்டார். "கஸ்பார், உங்களுக்குப் பம்பாய் ரத்தம் இல்லை. அது நான் சொன்ன பொய். நீங்கள் வெறும் ஓ. அச்சுப்பிழையும் இல்லை, மருந்தும் கெடவில்லை. ஓ வகைத் தகப்பனுக்கு ஏ.பி. வகைப் பிள்ளை பிறக்கவே பிறக்காது!"

அடி விழும் என்று அவர் காத்திருந்தார். விழவில்லை. மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தார்.

கஸ்பாரின் முகம் மலர்ந்திருந்தது. எல்சி மார்பில் சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள். ரேச்சல் துள்ளிக் குதித்துக் கைதட்டினாள்.

"கரெக்ட்டா சொல்ட்டாரு பாருப்பா!" என்றாள் ரேச்சல்.

"சார்னா சார் தான்!" என்று கஸ்பார் அவரைக் கட்டி அணைத்து, தரையிலிருந்து சிறிது உயரம் தூக்கியும் விட்டார்.

"இறக்கிவிடுங்கள், கஸ்பார்! நான் சொன்னது உங்களுக்குப் புரியவில்லையா?"

"புரியாம இன்னா சார்? நல்லா புரிஞ்சுது. சார், இப்பவாச்சும் நான் பேசலாமா?" என்றாள் ரேச்சல். "நான் தத்துப்புள்ள சார். கைக்கொழந்தையா இருக்க சொல்லோ ஹோம்லேர்ந்து என்ன தூக்கியாந்தாங்கோ. தெருவுக்கே தெரியும், கிளாசுக்கும் தெரியும். நான் இந்த வூட்டுக்கு வந்த நாளுக்குத்தான் சார் வருசா வருசம் ஜூன்ல கேக் வெட்றோம். உங்களுக்குக் கூட குடுப்பேனே சார்!"

எபினேசர் நாற்காலியில் அமர்ந்தார். இரண்டு ஆண்டுகளாக இராயப்பர் கேக் என்று அவர் தின்றதில் இராயப்பருக்கு எந்தப் பங்கும் இல்லை.

"அப்படியானால் கஸ்பார், உங்கள் வேலை? சோதனை அறிக்கை?"

"அது அன்னிக்கே வந்துடுச்சி சார்" என்று கஸ்பார் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "வெறும் ஓ தான். பாப்பா தான் குடுக்காதப்பான்னு சொல்லிச்சு. எனக்கும் இந்த வெய்யில்ல நெழல்ல குந்திகினு அதே சம்பளம், கசக்குதா இன்னா? நாளைக்கி குடுத்துட்டு மேல ஏறிடறேன் சார்."

"இத்தனையும் தெரிந்திருந்தும்," எபினேசர் நாற்காலியை விட்டு எழுந்தார், "ஏன் ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்சிதான், ஒரு தட்டில் ஒரு துண்டு மீனை வைத்து அவரிடம் நீட்டிக்கொண்டே, மிகவும் தணிந்த குரலில் சொன்னாள்:

"எப்டி சார் சொல்றது? ஓ-வுக்கு ஏ.பி. பொறக்காதுன்றதே சாருக்குத் தெரியல, வெளிய தெரிஞ்சா சாருக்கு வேல பூடும்னு பாப்பா மொத நாளே அழுதுகினு வந்துச்சு. அதான், நீங்களா படிச்சுக் கத்துக்கற வரைக்கும் அந்த ரகசியம் இந்த வூட்டு வாசப்படிய தாண்டக் கூடாதுன்னு மூணு பேரும் சத்தியம் பண்ணிகினோம்."